வலது காலும் சனிக்கிழமையும்

மார்ச் 8, ஞாயிறு

ஓடைக்கு மேலே, மரத்தின் வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடக்கும் ஏற்றத்தில் அப்போது இருந்தவர்கள்: நான், என் நாத்தனார், எங்களுக்குச் சற்றுப் பின்னால், கூட ஓட வரும் பேக்கரிக்காரர், அவருடைய நாய். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது எப்படி ஆனது என்று கேட்டால் கூட்டிக் குறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

யாரோ கல்லால் அடித்தது போல இருந்தது. வலது கெண்டைக்காலில், பின்பக்கம். யார் அடித்தது என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்தது. பேக்கரிக்காரர் என்னங்க ஆச்சு என்று கேட்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே கால். முதல் தடவை கிழிந்த இடத்துக்கு நாலு விரல் கீழே.

குட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் இறங்கி வந்தாள். (நாத்தனாரை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம். முப்பத்தொன்பது வயதுக் குட்டி.) திட்டுவாள் என்று பார்த்தேன். என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு கீழே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறின பிறகுதான், "மே மாசம்தானே அண்ணி, நாள் கிடக்கு," என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மே மாதம் என்றால் மலைச் சுற்று ஜோடி ஓட்டம். இரண்டு பேர் சேர்ந்து காட்டுப் பாதையில் ஏறி, உச்சியைச் சுற்றி, மறுபக்கம் இறங்க வேண்டும். ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றால்தான் செல்லும். ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் மற்றவளும் உட்கார்ந்ததாகவே கணக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கிளம்புவதற்கு முன்பே என் கால் போனது. போன வருஷம் பாதி மலையில். இரண்டு தடவையும் குட்டி தன் எண் அட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு நொண்டி நொண்டி வந்தாள். நொண்டியது நான்தான். அவளும் என் நடைக்கு நடந்தாள் என்று சொல்ல வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன். அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைத்தேன்.

இவர் வேலைக்குப் போகும் முன் காலைத் தூக்கிப் பார்த்தார். இவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை; எதைப் பார்த்தாலும் லிஃப்டாகத்தான் தெரியும். ஒரே போல்ட் மூணு தடவை உடைஞ்சா போல்ட்டைக் குத்தம் சொல்லக்கூடாது, வேற எங்கேயோ கோணல் இருக்கு என்றார். மாடியிலிருந்து இறங்கி வந்த குட்டி, "அண்ணிக்கு எங்க கோணல்னு கல்யாணத்தன்னைக்கே தெரியும்ண்ணா, நீதான் கேக்கல," என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கும்போது கெண்டைக்கால் வலித்தது. சிரிப்புக்கும் கெண்டைக்காலுக்கும் என்ன சம்பந்தமோ.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் சாமி முன்னால் உட்கார்ந்து தீர்மானம் செய்தேன். சனிக்கிழமை விரதத்தோடு செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொள்கிறேன். கால் குணமாகும்வரை. அதே மாதிரி, தண்ணீரும் இல்லாமல். இன்றைக்கே தொடங்கியாயிற்று. மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

பிசியோவிடம் போனேன். சின்ன வயசுப் பெண். என்னை மேடம் என்றாள், பிறகு நான் முறைத்ததில் அக்கா என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் போன தடவை கால் போனபோதே நூலகத்தில் உடற்கூறு புத்தகம் எடுத்துப் படம் பார்த்துப் படித்திருக்கிறேன். கெண்டைக்காலில் மேலே ஒரு தசை, அடியில் ஒரு தசை, இரண்டும் சேர்ந்து குதிகாலில் தசைநாணாக இறங்குகிறது. எந்தத் தசை என்று நானே காட்டினேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். அந்த மட்டுக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

படியின் விளிம்பில் நின்று குதிகாலை எக்கி இறக்க வேண்டும். "நல்ல காலு எத்தனை தடவை எக்குதோ, இந்தக் காலும் அத்தனை எக்கணும். அதுவரைக்கும் ஓட்டம் கிடையாது, சரியாக்கா?" தூங்குகிறேனா என்று கேட்டாள். நல்லா சாப்பிடறீங்களா என்று கேட்டாள். சாப்பிடுகிறேன் என்றேன். பொய் இல்லை. சாப்பிடும் நாளில் நன்றாகவே சாப்பிடுகிறேன்.

மார்ச் 14, சனி

விரதம். மதியம்வரை ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் சத்தம் காதில் பெரிதாக விழும்.

இந்தச் சனிக்கிழமை எப்படி வந்தது என்று எங்கேயும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதலாம் போலிருக்கிறது. இவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த நாள் ஒரு சனிக்கிழமை. நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றோடொன்று கம்பியில் கோத்தது. ஒருவர் எழுந்தால் எல்லாம் ஆடும். அங்கே உட்கார்ந்து சாமியிடம் கேட்டேன்: இவரை வீட்டுக்கு அனுப்பு, இனி என் ஆயுசுக்கும் சனிக்கிழமை ஒரு சொட்டு வாயில் படாது. அனுப்பினான். நானும் தவறவில்லை. இவருக்கு அது தெரியாது. ஏதோ பொம்பளைங்க பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

ஓட்டமும் அதே ஆபரேஷன் கொடுத்ததுதான். தினம் நடக்கச் சொன்னார்கள். இவர் தனியாகப் போக மாட்டேன் என்றார், கூடப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அப்புறம் பெஞ்சைப் பார்த்ததும் இவர் உட்கார்ந்துவிடுவார். நான் சும்மா எதற்கு உட்கார வேண்டும் என்று மேலே மரங்களுக்குள் போனேன். ஒரு நாள் இறக்கத்தில் கால் தானாக ஓடியது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஓடத் தெரியும் என்று கண்டுபிடித்தேன்! குட்டி புருஷனை விட்டு எங்கள் மாடிக்கு வந்து, யாரோடும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த காலம் அது. ஒரு காலையில் செருப்போடு என் பின்னாலேயே வந்தாள். அங்கிருந்து தொடங்கியது.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு காலும் சமமாக எக்குகின்றன. கடைசியில் கொஞ்சம் நடுக்கம். நடுக்கம் வலி இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

போட்டி நடத்துபவர்களிடமிருந்து செய்தி. காட்டுக்குள் போக அனுமதி ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைக்கவில்லையாம். ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள். மே பதினாறு.

குட்டிக்கு ஒரே சந்தோஷம். பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை அவளுக்கு. ஞாயிறு மட்டும்தான் லீவு. சனிக்கிழமை லீவு போட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு படுக்கலாம் என்று கணக்குப் போட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மறுபடி மறுபடி மடித்தேன் போலிருக்கிறது, "அண்ணி, அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

மே பதினாறு சனிக்கிழமை.

மார்ச் 31, செவ்வாய்

யோசித்தேன். தண்ணீர் இல்லாமல் ஓடிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டால்? விரதம் இருந்துகொண்டு வீடு பூராவும் கழுவியிருக்கிறேன், மெத்தை தூக்கிக் காயப் போட்டிருக்கிறேன். இதுவும் ஒரு வேலை. குட்டியிடம் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓடை வரை, மெதுவாக. வலி இல்லை. குட்டி பின்னால் வந்து என் கால் விழுவதையே பார்த்துக்கொண்டு ஓடினாள். என்ன பார்க்கிறாய் என்றேன். காவல் என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று உச்சி வரை. இறங்கும்போது வலது தொடையின் பின்பக்கம் ஒரு இழுப்பு. கெண்டைக்கால் இல்லை, தொடை. ஷூ லேஸ் கட்டுவது போல உட்கார்ந்து சமாளித்தேன். அவள் பார்க்கவில்லை.

பார்த்திருப்பாளோ?

ஏப்ரல் 14, செவ்வாய்

விரதம். தொடை உட்காரும்போது தெரிகிறது. எழும்போதும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

போச்சு.

வேர்ப் படிக்கட்டு தாண்டி, பாறை ஏற்றத்தில். வலது தொடை. சுருக்கென்று இழுத்துப் பிடித்தது, விடவே இல்லை. பாறையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குட்டி மேலே நின்று பார்த்தாள். இறங்கி வரவில்லை. கொஞ்ச நேரம் வரவே இல்லை. அது நியாயம்தான், எனக்கு அது புரிந்தது, இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம்—

பிறகு வந்தாள். முகம் வேறாக இருந்தது. "போன வாரமே இழுத்துச்சில்ல? லேஸ் கட்டினீங்களே, அப்பவே. நான் ஒண்ணும் குருடி இல்ல." அவள் பாறையில் உட்கார்ந்தாள். "படிப்பைப் பாதில விட்டேன். கல்யாணம் பாதில. எதையாவது ஒண்ணை முடிச்சேன்னு சொல்ல எனக்கு வேணும் அண்ணி. ஒண்ணே ஒண்ணு. அதைத் தனியா முடிக்கிறதுல எனக்கு ருசி இல்ல, உங்களோட வேணும். ஆனா முடியலைன்னா முடியலைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

கீழே வரும்வரை தோள் கொடுத்தாள். கோபத்தோடு கொடுத்த தோள் கல் மாதிரி இருக்கும் என்று இன்றைக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

பிசியோவிடம் குட்டியும் கூட வந்தாள், அரை நாள் லீவு சொல்லிவிட்டு. நான் என்னத்தை மறைப்பேனோ என்ற சந்தேகம்.

பிசியோ தொடையை அழுத்திப் பார்த்தாள். போன தடவையைவிடச் சின்னக் காயம்தான், ஆனால் ஆறாமல் ஆறாமல் ஏன் வருகிறது என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்றேன். குடிங்கக்கா, முகம் வெளுத்திருக்கு என்றாள். வேண்டாம் என்றேன்.

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமைங்க," என்றாள் குட்டி. "செவ்வாயும் சனியும் அண்ணி வாயில பச்சத் தண்ணி படாது."

பிசியோ பேனாவைக் கீழே வைத்தாள். எப்போதிலிருந்து என்றாள். சனிக்கிழமை பல வருஷமாக என்றேன். செவ்வாய்க்கிழமை மார்ச்சிலிருந்து. மார்ச்சில் ஏன் என்றாள்.

"கால் குணமாகணும்னு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். குட்டிதான் சிரித்தாள், பிறகு அதே சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிசியோ நாற்காலியை இழுத்து என் முட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. பழைய காயம் இருக்கு, வயசு இருக்கு, நீங்க அவசரப்பட்டதும் இருக்கு. ஆனா கிழிஞ்ச தசை தன்னைத் தானே தச்சுக்கணும். அதுக்கு நூல் வேணும். வாரத்துல ரெண்டு நாள் நூலே குடுக்கறதில்ல நீங்க. சனிக்கிழமை காஞ்சு கிடந்துட்டு ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் மலை ஏறுறீங்க."

எனக்கு மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடத்தான் தெரிந்தது. கேட்ட மருந்தே நோயைக் கொடுத்ததா? ஒவ்வொரு செவ்வாயும் நான் உட்கார்ந்து கும்பிட்டது எதற்கு?

எழுந்து கிளம்பும்போது அவள் காலண்டரைப் பார்த்தாள். "போட்டி மே பதினாறுன்னீங்க. அது என்ன கிழமை?"

குட்டி போனை எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 22, புதன்

குட்டி கீழே இறங்கி வரவில்லை. சாப்பாட்டைப் படியில் வைத்தேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

ஏப்ரல் 23, வியாழன்

படிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள். சொட்டுத் தண்ணி இல்லாம அந்த மலையில ஓடுறதா இருந்தீங்களா என்றாள். ஆமாம் என்றேன். விழுந்திருந்தா? விழ மாட்டேன் என்று நினைத்தேன். நான் உங்களைத் தூக்கிட்டு வர்றதா, இல்ல அங்கேயே உக்காந்து அழறதா, அதையும் நினைச்சீங்களா என்றாள். இல்லை. அதை நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையை விட்டுவிடுகிறேன் என்றேன். சனி? என்றாள். வாயை மூடிக்கொண்டேன். அது யாருக்கான வேண்டுதல் என்றாள். அதற்கும்.

ஜோடியை மாற்ற மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். "நீங்களே சொல்லுங்க அண்ணி. நான் உங்களைக் கழட்டி விட மாட்டேன். அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

ஏப்ரல் 25, சனி

இவர் மதியம் வேலையிலிருந்து வந்தார். குட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஷூவைக் கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, சனிக்கிழமை யாருக்கு என்றார்.

சொல்லிவிட்டேன். நடைவழி, நாற்காலி, எல்லாம்.

குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "ஒரு லிஃப்டுக்கு எத்தனை கயிறு போடுவோம் தெரியுமா?" என்றார். "ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கணும்னு நாலு, அஞ்சு போடுவோம். நான் என்னடான்னா இத்தனை வருஷமா ஒத்தக் கயித்துல தொங்கிட்டு இருந்திருக்கேன். அதுவும் உன் காஞ்ச தொண்டையில."

அப்படி இல்லை என்றேன். வேறு எப்படி என்றார். அறுத்துத் தைச்ச டாக்டர் கணக்குல வரலையா, தினம் முழுங்குற மாத்திரை வரலையா, நான் நடக்குற நடை வரலையா? உங்களுக்கு ஏதாவது ஆனால் என்றேன். ஆகும், எல்லாருக்கும் ஆகும், அது சனிக்கிழமை நீ தண்ணி குடிச்சதாலன்னு எழுதி ஒட்டிடாத என்றார்.

சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார், தம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "நீ ஒரு வாய் குடி. நான் மாத்திரை போடறேன்."

சாமி, நான் அப்போது பட்டது உனக்குத் தெரியும். மாத்திரை தவறக்கூடாது. தண்ணீரும் கூடாது. என்னங்க இப்படிப் பண்றீங்க, வேண்டாங்க, போட்டுக்கோங்க, கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். குடிக்க மட்டும் முடியவில்லை. தம்ளரைத் தொட்டேன், அவர் பக்கமே தள்ளினேன், மேசையெல்லாம் கொட்டியது. கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். மிச்சத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

"சரி. உன் சாமிகிட்ட நீ என்ன வேணாலும் பேசு. என் பேரைச் சொல்லிப் பேசாத."

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு முட்டை, ரொட்டி. செவ்வாய்க்கிழமை முடிந்தது. கால் குணமாவதற்காக வைத்ததைக் கால் குணமாவதற்காகவே எடுத்தேன். இதில் எனக்குக் குழப்பமில்லை.

சனிக்கிழமையைத் தொட முடியவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

கடைசி நாள். மாடிக்குப் போனேன். என் பெயரை எடுத்துவிடு என்றேன். கால் மட்டும் என்றால் எப்படியாவது பார்த்திருப்பேன்; சனிக்கிழமையை என்னால் விட முடியவில்லை, அதை மறைத்து உன்னை மறுபடி நடுவழியில் நிறுத்த மாட்டேன் என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். "இப்பவாவது வாயைத் திறந்தீங்களே," என்றாள். குத்தலா, நன்றியா, தெரியவில்லை.

பேக்கரிக்காரரைக் கேட்டிருக்கிறாள். ஓடுவதில் அவர் அப்படியொன்றும் வேகம் இல்லை. ஆனால் அவருக்குக் கால் போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அவர் சரி என்றதும் குட்டி கேட்டாளாம், ஜோடி நீங்களா நாயா என்று.

சிரித்துவிட்டுக் கீழே வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 9, சனி

விரதம். இவர் வெளியே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இன்றைக்கும் பேசவில்லை. யார் உயிரோடு இருக்க வேண்டும் என்று வாயைக் கட்டுகிறேனோ அவர் என்னோடு பேச மாட்டேன் என்கிறார்.

மே 16, சனி

உட்கார்ந்து எழுதக் கை வருகிறதா என்று பார்க்கிறேன்.

குட்டி, ஓடாட்டி என்ன, வந்து நில்லுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். உச்சிக்குக் கீழே, பாதை பிரியும் இடம். மேசை, கேன்கள், காகிதக் கப்புகள். நான், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், முதலுதவிப் பையோடு ஒரு செவிலியர்.

காலையில் ஒன்றுமில்லை. ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். வெயில் ஏறியதும் ஒவ்வொருவரும் குடிக்கும் சத்தம் எனக்குள் கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குட்டியும் பேக்கரிக்காரரும் வந்தார்கள். அவள் கப்பை என் கையிலிருந்து வாங்கி, என் உதட்டைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாள். முதுகு நேராக.

அதற்குப் பிறகு ஒரு பெண் ஜோடி. ஒருத்தி மேசைக்குக் கொஞ்சம் மேலே சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தாள். யார் அடித்தது என்று பார்க்கிற அதே பார்வை. வேறு யாருக்கும் புரிந்திருக்காது, எனக்குப் புரிந்தது. உட்காரு, அசையாதே என்று கத்திக்கொண்டே ஏறினேன். என் தொடை இன்றைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. கண்தான் இருட்டியது.

அப்புறம் நான் தரையில் கிடந்தேன். செவிலியர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கப்பை வாயருகே வைத்தார். நான் உதட்டை மூடிக்கொண்டேன். மறுபடி வைத்தார். மறுபடி மூடினேன். அம்மா, ஏம்மா இப்படிப் பண்றீங்க என்றார். அவருக்குப் பின்னால், மேலே, அந்தப் பெண் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு வந்தவள், "இங்க யாராவது வாங்களேன்," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இருந்தது ஒரு செவிலியர். அவரை நான் பிடித்து வைத்திருந்தேன், என் மூடிய வாயால்.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். சாமிக்கு நான் கொடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் மனசில் எழுதி வைத்திருக்கிறேன். அவன் கேட்டான் என்று ஒரு வரி கூட என்னிடம் இல்லை. அவன் கேட்கவே இல்லை. கேட்காததை நானே கொடுத்து, அதற்கு அந்தப் பெண்ணையும் காக்க வைக்கிறேன்.

குடித்தேன். முழுக் கப். இன்னொன்று. போங்க, அவளைப் பாருங்க என்றேன்.

தொண்டைக்குள் இறங்கிய அடுத்த நிமிஷம் இவருக்கு என்ன ஆச்சோ என்று இருந்தது. போனை எடுத்து இவரைக் கூப்பிட்டேன். அடிக்கவே இல்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி. அதேதான். லிஃப்ட் குழிக்குள் இருந்தால் சிக்னல் இருக்காது, எனக்குத் தெரியும், வீட்டில் யாருக்கும் இது புதிதில்லை. தெரிந்தும் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி என்ன ஆன்ட்டி, யாருக்கு என்றாள். நான் என்ன சொல்வேன்? ஆண்டவனே, ஒரு வாய் தண்ணிதானே, ஒரு வாய்க்கு இப்படியா பண்ணுவ? அப்படியெல்லாம் பண்ணுறவனா நீ? இத்தனை நாள் நான் உன்னை அப்படியா நினைச்சுக் கும்பிட்டேன்?

போன் அடித்தது.

"என்ன, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? குழிக்குள்ள இருந்தேன். முடிச்சிட்டாளா?"

"தண்ணி குடிச்சேங்க," என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம். "நல்லது. இன்னும் ரெண்டு தம்ளர் குடி," என்றார். "நான் மேல போகணும், மாடியில ஒருத்தன் கத்திட்டிருக்கான்."

குட்டி முடித்தாள். கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் இடம், ஆனால் முடித்தாள். கோட்டைத் தாண்டியதும் பேக்கரிக்காரர் தரையில் படுத்துவிட்டார். அவள் நின்றுகொண்டே அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தோளில் கை போடவில்லை. அது அவளுடையது.

மே 18, திங்கள்

குட்டி வேலைக்குப் போகும்போது பதக்கத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருப்பாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. நல்லாப் பேசுகிறாள், ஆனால் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

மே 23, சனி

காலையில் இவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் வாய் இறங்கவில்லை. இவர் பார்க்காத மாதிரி பேப்பர் படித்தார். பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை என்றாலும் ஒரே பக்கத்தில்தான் இருந்தார். இரண்டாம் வாய் இறங்கியது.

சாமி முன்னால் போய் நின்றபோது கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றேன். இதற்கு முன் அப்படி நின்ற ஞாபகமில்லை. கையைக் கூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

மே 30, சனி

பிசியோ நேற்றுப் பார்த்தாள். தொடை ஆறிவிட்டது, கெண்டைக்காலும். அவசரப்படாமல் போனால் வருஷக் கடைசியில் மலை ஏறலாம் என்றாள். திரும்ப வராது என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். அது எனக்குப் பிடித்தது.

குட்டிக்குப் போனில் அனுப்ப வேண்டும். மாடிதான், ஏறிப் போய் நேரில் சொல்லலாம், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் குளறும். அனுப்பும் முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

"குட்டி, வருஷக் கடைசியில் இன்னொரு ஜோடி ஓட்டம் இருக்கிறதாம். நீ பேக்கரிக்காரரோடு ஓடுவதாக இருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொய். வருத்தம்தான், ஆனால் தாங்கிக்கொள்வேன். என்னோடு ஓடுவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொள்: எல்லாக் கிழமையும் சாப்பிடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன். கால் இழுத்தால் இழுத்த இடத்திலேயே சொல்வேன். பாதியில் நின்றாலும் நிற்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர் கொடுக்க நாள் அதிகம் இல்லை. சீக்கிரம் பதில் சொல்லு."